பூங்கா நகரும் முடுக்குத் தோட்டங்களும்

கொழும்பில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம் பிற்காலத்தில் கறுவாத்தோட்டம் எனும் செல்வர் குடியிருப்பாயிற்று. வடகொழும்பிலோ, ஒரே தண்ணீர்க் குழாயையும் ஒரே மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட முடுக்கு வீட்டு வரிசைகளுக்கும் தோட்டம் என்றே பெயர். ஒரு சொல் இருவேறு வாழ்வுகளைச் சுமந்து நிற்பது தற்செயலன்று. நகரின் வரலாறே அதில் அடங்கியுள்ளது.

1875ஆம் ஆண்டு தொடங்கிய துறைமுக அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவுற்றது. தேயிலை ஏற்றுமதி பெருகியது, பண்டகசாலைகள் எழுந்தன, மூட்டை சுமக்கும் தோள்கள் தேவைப்பட்டன. செல்வர் கொட்டாஞ்சேனையையும் முகத்துவாரத்தையும் விட்டுத் தெற்கே பெயர்ந்தனர். அவர்கள் நீங்கிய வளவுகளில் முடுக்கு வீடுகள் நெருங்கின. 1914இல் ‘பிளேக்’ நோய் பரவியது. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டு பிறந்தது. நோய் வர்க்க எல்லையை மதிப்பதில்லை என்பதை ஆள்வோரும் உணர்ந்தனர் போலும்!

1921இல் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ், கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கும் திட்டத்தை வரைந்தார். உயிரியல் பயின்ற அவர் நகரையும் ஓர் உயிராகவே நோக்கினார். இடிப்பதற்கு முன் அங்கு வாழ்வோரை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயின், குடியேற்ற ஆட்சியில் மரநிழல் அகன்ற வீதிகளுக்கே வாய்த்தது. முடுக்குகளில் இடம் கிடையாதோர் கால்வாய்க் கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் குடிசை அமைத்தனர்.

வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்தில், 1973இல், வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வாடகைக்கிருந்தோர் பலர் வீட்டுரிமை பெற வழி பிறந்தது. இச்சாதனையை மறுப்பதற்கில்லை. எனினும், சுவருக்குள் நுழைந்த நீதி சதுப்பு நிலத்தை எட்டவில்லை.

கொழும்பின் தாழ்நிலங்களை ‘மீட்பதற்கென’ 1968இல் ஒரு சபை சட்டப்படி அமைக்கப்பட்டிருந்தது. யாரிடமிருந்து மீட்பது? மழைநீரைத் தாங்கி மெல்ல ஆற்றுக்கு விடுவதும் வெப்பத்தைத் தணிப்பதும் சதுப்பு நிலமே. அது நிரப்பப்பட்டால் நீர் வேறிடம் தேடும். 2010 நவம்பரில் அது தியவன்னாவை நடுவே அமைந்த பாராளுமன்றத்தையே சூழ்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லவின் தாழ்நிலத்தில் குவித்த நகரக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. வெள்ளநீரையும் குப்பையையும் ஏழையையும் ஒரே பள்ளத்தில் தள்ளிய நகரின் கதை இது.

2018இல் கொழும்பு ‘ராம்சார்’ ஈரநில நகராக அங்கீகரிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் சதுப்பைக் காப்பதென்ற பெயரில் அதன் கரையில் வாழ்வோரைத் தொழிலிடத்திலிருந்து வெகுதூரம் பெயர்ப்பின், அது கறுவாத்தோட்டத்துப் பசுமையேயாகும். எந்த நகரத் திட்டம் நம்முன் விரிக்கப்படினும் இரண்டு வினாக்களை எழுப்புவோம்: மழைநீர் எங்கே போகும்? உழைப்பவன் இரவில் எங்கே உறங்குவான்? இரண்டுக்கும் விடை தரும் நகரே நிலைக்கும்.