புகையை விட்ட முதல் நாட்கள்: ஒரு வரலாறு

புகைப்பழக்கத்தை எந்த உதவியும் இல்லாமல் விட முயல்வோரில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே மீண்டும் புகைக்கத் தொடங்கிவிடுகின்றனர். அந்த நாட்களில் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல், அடங்காத பசி ஆகியவை தோன்றும். இவற்றை மருத்துவம் 'விலகல் அறிகுறிகள்' என்கிறது. நெடுங்காலம் இவை மனவுறுதி இல்லாதவரின் சாக்குப்போக்காகவே கருதப்பட்டன. இவை உடலில் நிகழும் மாற்றங்கள் என்பது தெளிவாக ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், தோலுக்கும் பீடிக்கும் பெயர் பெற்ற மேல்விஷாரம் வட்டாரத்துக்கு அது சொல்லும் பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தடை வந்தது, ஏக்கம் போகவில்லை

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசாத் பேக் என்பவர் அதைப் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குக் கொண்டுசென்றார். அடுத்து ஆண்ட ஜஹாங்கீர் 1617-இல் புகைத்தலைத் தடை செய்தார். பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தம் நாட்டில் தடை விதித்திருந்தார். அங்கே தூதராகச் சென்ற கான் ஆலம், புகையிலை இல்லாமல் ஒரு கணமும் இருக்க முடியாதவர் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அரச ஆணையாலும் அடக்க முடியாத ஏக்கத்துக்கு இது ஒரு பழைய சான்று.

தமிழகத்திலும் புகையிலை விரைவில் வேரூன்றியது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்புவதாக 'புகையிலை விடு தூது' பாடினார் என்றால், அதன் செல்வாக்கை ஊகிக்கலாம்.

பழக்கமா, அடிமைத்தனமா?

மருத்துவர் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் தமக்கும் தன்னார்வலர்கள் சிலருக்கும் நிக்கோட்டினை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். புகைப்பவர்கள் ஊசிக்குப் பிறகு சிகரெட்டைத் தேடவில்லை. ஊசியை நிறுத்தியதும் ஏக்கம் வந்தது. 1942-இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஆய்வு அப்போது அதிகம் மதிக்கப்படவில்லை.

புகைத்தலால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று 1964-இல் அறிவித்த அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கைகூட, புகைத்தலை 'பழக்கம்' என்றே வகைப்படுத்தியது. 1988-இல் வந்த அறிக்கைதான் நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று உறுதியாகக் கூறியது. ஆகவே விடுபவரின் துன்பத்துக்கு மருத்துவ மதிப்பு கிடைத்தது அண்மைக் காலத்தில்தான்.

இதற்கிடையே நடைமுறை வழிகள் சில உருவாயின. 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் மக்ஃபார்லண்ட் என்ற மருத்துவரும் ஃபோல்கன்பெர்க் என்ற போதகரும் 'ஐந்து நாள் திட்டம்' ஒன்றைத் தொடங்கினர். நிறையத் தண்ணீர், பழச்சாறு, சாப்பாட்டுக்குப் பின் நடை, காபி தவிர்த்தல், கூடிப் பேச ஒரு துணை ஆகியவையே அதன் அடிப்படை. சுவீடனில், நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத கடற்படையினர் மெல்லும் புகையிலைக்கு மாறுவதைக் கேட்டறிந்த ஓவே ஃபெர்னோ, நிக்கோட்டின் கலந்த சூயிங்கத்தை உருவாக்கினார். 1978-இல் அது முதன்முதலில் சுவிட்சர்லாந்தில் அனுமதி பெற்றது.

மேல்விஷாரம் தரும் பாடம்

மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் ஆற்காட்டுக்கு அருகே உள்ள நகராட்சி. இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் ஊர். தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் இங்கு முக்கியம். 2019 வரை இவ்வூர் இருந்த பழைய வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகியவை பீடித் தொழில் மையங்கள். பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் வேலை. புகையை விட நினைப்பவரின் வீட்டுக்குள்ளேயே முறத்தில் புகையிலைத் தூள் இருக்கும்.

2016-17-இல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் பிடிக்கின்றனர். பீடி இலையில் சுற்றியது என்பதால் தீங்கு குறைவு என்று நினைப்பது தவறு. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நிக்கோட்டினும் தாரும் நிறையவே உள்ளே செல்கின்றன.

இவ்வூரில் நோன்பு நோற்கும் புகைப்பழக்கமுள்ளவர் ரமலான் மாதத்தில் நாள்தோறும் 13 மணி நேரத்துக்கு மேல் புகைக்காமல் இருக்கிறார். இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஸஹர் முடிவில் பிடித்த பீடியின் நிக்கோட்டின் லுஹர் தொழுகை நேரத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். மாலையில் வரும் தலைவலியும் கோபமும் பசியால் மட்டும் வருபவை அல்ல. அவை புகையை விட்ட முதல் நாளின் அறிகுறிகளும்கூட.

விலகல் அறிகுறிகள் 2 அல்லது 3-ஆம் நாளில் உச்சமடைந்து, 2 முதல் 4 வாரங்களில் தணியும். நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் பீடியைப் பற்றவைப்பவருக்கு அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை. முதல் நாளையே முப்பது முறை அனுபவிக்கிறார். இரவிலும் தவிர்ப்பவர் பெருநாள் வருவதற்குள் கடினமான கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்.

சபரிமலைக்கு மாலை அணிவோரிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 41 நாள் விரதம் இருப்பவரின் உடல் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. ஆனாலும் மாலையைக் கழற்றியதும் பலர் பழைய தேநீர்க் கடைக்கும் பழைய கூட்டாளிகளிடமும் திரும்புகின்றனர். கையும் வாயும் இடத்தையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கின்றன. உடலை விடுவிக்கச் சில வாரங்கள் போதும். சூழலை மாற்றத் தனி முயற்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவி

2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இந்தியாவில் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அமைந்தது. 2003-இல் புகையிலைப் பொருட்களுக்கான மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தலுக்கான தடை நாடு முழுவதும் கடுமையாக்கப்பட்டது. 2016-இல் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை (1800-11-2356) தொடங்கியது. 2018 செப்டம்பர் முதல் இந்த எண் பீடிக்கட்டு, சிகரெட் பெட்டிகளிலேயே அச்சிடப்படுகிறது. இதில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

முதல் நாட்களைக் கடத்துதல்

ஏக்கம் அலைபோல வரும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் பற்றவைப்பதைத் தள்ளிப்போட்டு, மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, தண்ணீர் குடித்து, வேறு வேலையில் கையை ஈடுபடுத்துவது இன்றும் மருத்துவர்கள் கூறும் வழி. தேநீரையும் காபியையும் குறைப்பது நல்லது. புகைப்பவரின் உடல் காஃபினை வேகமாகக் கரைக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமான அளவு தேநீரே படபடப்பைத் தரும். காரணம் தெரியாமலே ஐந்து நாள் திட்டத்தார் காபியை விலக்கியது சரியாகவே அமைந்தது. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவரிடம் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் நாளில் எரிந்து விழும் தந்தையையோ அண்ணனையோ கண்டால், 'இவரால் முடியாது' என்று வீட்டார் முடிவு கட்டிவிடக் கூடாது. நிக்கோட்டின் உடலை விட்டு நீங்குவதன் அடையாளம் அது. அன்று அவருக்குத் தேவை அறிவுரை அல்ல. ஒரு செம்பு தண்ணீரும், சற்றுத் தூரம் உடன் நடக்க ஒருவரும்தான்.