அயலார்க்கு அறிவிக்கும் கடமை

ஊரெல்லையில் ஒரு தொழிற்சாலை இருக்கின்றது. அதன் மதிலுக்குள் எத்தகைய நச்சுப்பொருள், எவ்வளவு சேமிக்கப்பட்டுள்ளது என்பதை மதிலுக்கு வெளியே வாழ்பவர் அறிதல் வேண்டுமா? வேண்டுவதில்லை, அஃது ஆலைக்காரரின் தொழில் இரகசியம் என்பதே நெடுங்காலமாக இவ்வினாவுக்கு விடையாக இருந்தது. அவ்விடை எவ்வாறு மாறிற்று என்பதை இன்று சிந்திப்போம்.

இத்தாலி நாட்டிலே, மிலான் நகருக்கு அண்மையில் உள்ளது செவேசோ என்னும் ஊர். 1976ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி, சனிக்கிழமை நண்பகலில், அயலூராகிய மேடாவிலிருந்த ஆலையொன்றின் இரசாயனக் கலன் அளவுமீறி வெப்பமடைந்தது. அதிலிருந்து பீறிட்டெழுந்த நச்சுப்புகை காற்றோடு சென்று செவேசோவின்மீது படிந்தது. மறுநாள் ஆலை நிருவாகிகள் ஊரதிகாரிகளைக் கண்டு, தோட்டத்துக் காய்கறிகளை மக்கள் உண்ணலாகாது என்றனர். ஆயின், அப்புகையில் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு கலந்திருந்த செய்தி ஏறக்குறையப் பத்து நாட்களின் பின்னரே அதிகாரிகளை எட்டியது. அதற்குள் கோழிகளும் முயல்களும் மடிந்தன. குழந்தைகளின் தோலிற் புண்கள் தோன்றின. மக்களை வெளியேற்றும் பணி 26ஆம் திகதியே தொடங்கிற்று. 700க்கு மேற்பட்டோர் தம் இல்லங்களைத் துறந்தனர்.

இத்தாமதமே ஒரு சட்டத்துக்கு வித்தாயிற்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி பிறப்பித்த பணிப்புரை இன்றும் செவேசோவின் பெயராலேயே வழங்குகின்றது. குறித்த அளவுக்கு மேற்பட்ட ஆபத்தான பொருள்களை வைத்திருப்போர் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும். விபத்து நேரின் உடனே தெரிவித்தல் வேண்டும். அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது என்பதை அயலில் வாழ்வோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது.

அந்நெறி ஐரோப்பாவோடு நின்றமையால் நேர்ந்த துயரத்தை உலகம் விரைவிலேயே கண்டது. இந்தியாவின் போபால் நகரிலே, 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு, யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மெதில் ஐசோசயனேற்று வெளிப்பட்டது. உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் எத்திசையில் ஓடுவதென்று அறியாது ஓடினர். அவர்கள் சுவாசித்தது எந்நஞ்சு என்பதை மருத்துவர்களும் அறிந்திலர். மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த உயிரிழப்பு 3,787. உண்மைத் தொகை அதனினும் மிகப் பெரிது என்பர்.

அதே நிறுவனத்தின் ஆலையொன்று அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலும் இருந்தது. 1985 ஆகஸ்டில் அங்கும் கசிவு ஏற்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கா, மக்களின் அறியும் உரிமையைப் பெயரிலேயே தாங்கிய சட்டமொன்றை இயற்றியது. அதன்படி, 100 இறாத்தல் குளோரின் வைத்திருப்பவர் அதனை மாநில ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். 10 இறாத்தல் கசிந்தாலும் உடனே தெரிவித்தல் வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் திகதிக்குள் இருப்புக் கணக்கு தீயணைப்புப் படையின் கையிலும் சேர்தல் வேண்டும். இந்தியாவும் 1987இல் தன் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர்க்கும் அயலார்க்கும் ஆபத்தை அறிவிப்பதை ஆலைக்காரரின் கடமையாக்கிற்று.

இக்கடமை நிலத்தோடு முடிவதன்று. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் நம் கொழும்புக் கடலிலே தீப்பற்றி எரிந்ததை நாம் மறந்திலோம். அதன் கொள்கலனிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிவதை, கொழும்பை அடையுமுன்னரே கப்பலிலுள்ளோர் அறிந்திருந்தனர். அச்செய்தி உரிய வேளையில் நமக்கு அறிவிக்கப்படாமையும் வழக்கில் ஆராயப்பட்டது. 2025 ஜூலையில் நம் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது.

செவேசோவில் நாட்கணக்கிலும் போபாலில் நாழிகைக்கணக்கிலும் காலம் வீணாயிற்று. கசிந்த நஞ்சைத் திரும்பக் கலத்தில் அடைத்தல் எவர்க்கும் இயலாது. காலத்தில் ஒரு சொல் சொல்லுதல் எவர்க்கும் இயலும். அச்சொல்லை ஒருவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாது கடமையாக்கியதே இச்சட்டங்களின் பயன். அதனைக் கேட்டுப் பெறுதல் அயலில் வாழும் நம் உரிமையாகும்.