கணிப்பொறிக்குள் ஒரு கரி எஞ்சின்

நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் பாசஞ்சர் வண்டி ஏறி வந்தவர்கள். சட்டையில் கரித்தூள் படாமல் வகுப்புக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கரி எஞ்சினைத்தான் மூன்று வருஷமாகக் கணிப்பொறியில் கட்டிக்கொண்டிருக்கிறேன். “ரிட்டையர் ஆன வயசுல விளையாட்டா?” என்று வீட்டில் கேலி. விளையாட்டுதான், ஆனால் அது என்னைச் சரித்திரம் படிக்க வைத்துவிட்டது.

திரையில் ரயில் ஓட்டும் மென்பொருளுக்குச் சிமுலேட்டர் என்று பெயர். 2001-இல் மைக்ரோசாஃப்ட் ஒன்றை வெளியிட்டது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதற்குத் தங்கள் ஊர் எஞ்சின்களைச் செய்து சேர்த்தார்கள். அதே கோப்புகளை ஏற்கும் ‘ஓப்பன் ரெயில்ஸ்’ இன்று இலவசமாகவே கிடைக்கிறது. எஞ்சினின் உருவத்தை வரைந்தால் மட்டும் போதாது. அதன் அளவுகளையும் எழுதிக் கொடுத்தால்தான் ஓடும்.

முதலில் எந்த வருஷம் என்று முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் நம் பாதை மூன்று பிறவி எடுத்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும், திருச்சிக்கு 1862-லும் வண்டி வந்தபோது அது அகலப் பாதை. 1870-களில் அதையே மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். 1894-இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாகவே ஒரு மீட்டர் கேஜ் பாதை போட்டது. நூறாண்டுக்கு மேல் கழிந்து மறுபடியும் அகலம். 2019-இல் திருவாரூர்–காரைக்குடி பாதையும் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. நான் கல்லூரியில் சேர்ந்த 1972-ஐயே எடுத்துக்கொண்டேன்.

எஞ்சின், ஒய்.பி. வகை. ‘ஒய்’ மீட்டர் கேஜையும் ‘பி’ பாசஞ்சரையும் குறிக்கும். 1949-இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து முதல் எஞ்சின்கள் வந்தன. பின்பு ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியது. 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள். இலேசான தண்டவாளத்துக்கு ஏற்ப ஓர் அச்சுக்குப் பத்தரை டன் பாரம்தான்.

பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. சிலிண்டர் விட்டம் பதினைந்தேகால் அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 24 அங்குலம், இழுக்கும் சக்கரத்தின் விட்டம் 54 அங்குலம். விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தாலும் அழுத்தத்தாலும் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுத்து, அதில் 85 சதவீதம் எடுத்தால் இழுவிசை சுமார் 18,450 பவுண்டு. அதாவது எட்டு டன்னுக்குச் சற்று மேல். தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் எடையோ மூன்று அச்சுக்கும் சேர்த்து முப்பத்தொன்றரை டன்தான். ஐப்பசி மழையில் தண்டவாளம் நனைந்தால் சக்கரம் ஏன் வழுக்கியது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு ‘ஜிக்’. ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர். மணிக்கு பதினைந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு நாலு. நாற்பத்தைந்தில் ஏறக்குறைய பன்னிரண்டு.

இத்தனையும் கொடுத்தபின் எஞ்சின் ஓடியது. ஆனால் நம்ம ஊர் வண்டி மாதிரி ஓடவில்லை. பழைய ஃபயர்மேன் ஒருவரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர். ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நம்ம பக்கம் மேடு கிடையாது, ஸ்டேஷன்தான் மேடு. நாலு மைலுக்கு ஒரு தடவை நிக்கணும். ரொம்ப முன்னாலயே ஸ்டீமை மூடிட்டு வண்டியை ஓட்டத்துலயே விட்ருவோம். நிக்கிறப்ப பாய்லருக்குத் தண்ணி ஏத்திக்குவோம். இல்லேன்னா சேஃப்டி வால்வு பீய்ச்சும், கரி பாழ்!”

யோசித்துப் பார்த்தேன். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய அறுபது மீட்டர். எண்பது கிலோமீட்டர் தள்ளி நாகப்பட்டினத்தில் கடல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. எஞ்சினின் அளவு புத்தகத்தில் இருக்கிறது; இந்த மண்ணில் அதை ஓட்டிய வித்தை அவர் கையில் இருந்தது. அவர் சொன்னபடி ஓட்டினேன். வண்டி அச்சு அசலாக நம் பாசஞ்சராகிவிட்டது!

உருவத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஒய்.பி. எஞ்சின்கள் சில காட்சிப் பொருளாக நிற்கின்றன. பக்கத்துப் பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்காக 2011 முதல் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியிருக்கிறது. ஆனால் டெல்டாவில் கரி அள்ளிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன.

ஆகவே இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் பழைய டிரைவரோ ஃபயர்மேனோ இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கையிலுள்ள செல்போனிலேயே பதிவு செய்யுங்கள். எங்கே ஸ்டீமை மூடினார், எங்கே விசில் கொடுத்தார், எந்தப் பாலத்தில் வேகம் குறைத்தார் என்று கேளுங்கள். ஒரு சாயங்காலம் போதும். அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள்.