பழமலையிலிருந்து திரும்பிய இருவர்

1751-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் இருந்த அவருடைய போட்டியாளர் முகமது அலிக்கு ஆளும் தளவாடமும் அனுப்ப, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் ஒரு படைப்பிரிவைக் கிளப்பினார்கள். அதனோடு பழமலை என்ற விருத்தாசலம் வரை வந்த இருவரில் ஒருவர் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆலோசனைச் சபை உறுப்பினர் ஜார்ஜ் பிகட். மற்றவர் படைக்குத் தீனி வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்த ராபர்ட் கிளைவ். அவருக்கு வயது 25.

இன்று விருத்தாசலம் என்றால் பீங்கான் சாமான் நினைவுக்கு வரும். அன்று பழமலைநாதர் கோயிலின் உயர்ந்த மதில்தான் ஊரின் பலம். கடலூரிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் பெருவழியில் நின்ற அந்த மதிலைக் கையில் வைத்திருந்தவனுக்கே வழி சொந்தம். அந்த வருஷமே ஆங்கிலேயர் கோயிலைப் பிடித்துக் காவல் வைத்துவிட்டார்கள். சாமி கும்பிடும் இடத்தில் துப்பாக்கி ஏறியது கர்நாடகப் போர்க்காலத்தில் பல ஊர்கள் கண்ட கொடுமை.

படை திருச்சிக்குப் போனது. கிளைவும் பிகட்டும் பன்னிரண்டு சிப்பாய்களோடு கடலூருக்குத் திரும்பினார்கள். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் மடக்கிச் சுட்டதில் ஏழு சிப்பாய்கள் செத்து விழுந்தார்கள். வெடிமருந்து தீர்ந்ததும் மிச்சமிருந்தவர்களைக் கலைந்து ஓடச் சொல்லிவிட்டு, குதிரையின் வேகத்தால் துரைகள் இருவரும் தப்பினார்கள். இதை எழுதிவைத்த ராபர்ட் ஓர்மின் வரலாற்றில் துரைகளின் பெயர் இருக்கிறது. அந்த எழுவருக்குப் பெயர் இல்லை. அவர்கள் இறந்த வருஷம் 1751 என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த சில வாரங்களிலேயே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அதன் பிறகு நடந்ததைப் பள்ளிப் பாடமே சொல்லிவிடும். இந்த மனிதர்களின் கதையை இறந்த வருஷங்களை வைத்துப் படித்தால்தான் வேறொரு கணக்கு தெரிகிறது.

சந்தா சாகிப் முந்திக்கொண்டார். 1752 ஜூனில் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்தவரின் தலை வெட்டப்பட்டது. அவரைத் தூக்கி நிறுத்திய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டு, பிரெஞ்சுக் கும்பினி தனக்குப் பெரும்பணம் தர வேண்டும் என்று வழக்காடியபடியே 1763 நவம்பரில் பாரிஸில் வறுமையில் இறந்தார். அவருடைய துபாஷியும் நாட்குறிப்புக்காரருமான ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு கண்மூடினார்.

கிளைவின் சாவு 1774 நவம்பர் 22. வங்காளத்தில் வாரிய பணம் பற்றி நாடாளுமன்றம் விசாரித்து முடித்த மறுவருஷம். 2,34,000 பவுன் பெற்றார் என்று சபை தீர்மானமே எழுதியது. கூடவே நாட்டுக்குப் பெருஞ்சேவை செய்தார் என்றும் சேர்த்துக்கொண்டது. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. சொந்த ஊர்ப்பக்கத்துத் தேவாலயத்தில் பெயர் பொறிக்காமல் புதைத்தார்கள்.

பிகட்டின் முடிவுதான் நமக்கு நெருக்கமானது. இரண்டாவது முறையாகச் சென்னை ஆளுநராக வந்தவர், ஆற்காட்டு நவாப் முகமது அலி பிடுங்கிக்கொண்ட தஞ்சாவூரை மன்னர் துளஜாவிடம் 1776-இல் திருப்பிக் கொடுத்தார். அது யாருக்கு வலித்தது? நவாபுக்குக் கடன் கொடுத்துத் தஞ்சை வரியை ஈடாகப் பெற்றிருந்த கும்பினி ஆட்களுக்கு. பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர் மட்டும் நவாபிடம் ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்று நீட்டினார். அந்த ஈடு தஞ்சை வயல்களில் இனிமேல் விளையவேண்டிய நெல். பிகட் அதை ஏற்க மறுத்தார். ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர் ஆகஸ்ட் 24 அன்று அவரை வண்டியிலேயே மடக்கிக் கைது செய்தார்கள். பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். 1777 மே 11 அன்று காவலில் இருந்தபடியே இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் லண்டன் உத்தரவு கப்பலில் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. பிகட் ஒன்றும் புத்தரல்லர். அவரும் இந்த மண்ணில் செல்வம் சேர்த்தவர்தான். ஆனாலும் அந்த ஒரு வழக்கில் அவர் நின்ற பக்கம் சரியான பக்கம் என்றே சொல்ல வேண்டும். கைது செய்த சபையினருக்கு இங்கிலாந்து நீதிமன்றம் விதித்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம்.

எல்லாருக்கும் பிந்தியவர் முகமது அலி. 1795 அக்டோபர் வரை வாழ்ந்து, கடனோடு போனார். 1801-இல் அவருடைய நாட்டைக் கும்பினியே எடுத்துக்கொண்டது; விருத்தாசலமும் அதோடு போனது. நவாபின் கடனை ஆராய 1805-இல் அமைத்த ஆணையத்தின் முன் கடன்காரர்கள் நீட்டிய தொகை மூன்று கோடி பவுனைத் தாண்டியது. பல வருஷம் துருவிப் பார்த்த ஆணையம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டது முப்பது லட்சத்துக்கும் குறைவு.