உகேமி

ஜூடோ வகுப்பில் முதல் பாடமே கீழே விழுவதுதான். அதற்குப் பெயர் உகேமி. ஜப்பானிய மொழியில் ‘உகேரு’ என்றால் ஏற்றுக்கொள்ளுதல். ‘மி’ என்றால் உடல். தரை தரும் அடியை ஒரே இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பரப்பி வாங்கும் வித்தை இது.

பின்பக்கம் சாயும்போது மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டை தப்பும். முதுகு வளைய, இரு கைகளும் பாயில் ‘பட்’டென்று அறையும். கையை ஊன்றினாலோ மணிக்கட்டு போச்சு.

1882இல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை வகுத்தவர் கானோ ஜிகோரோ. தூக்கி எறியும் கலைக்கு விழத் தெரிந்த கூட்டாளி வேண்டும்; இல்லாவிட்டால் மறுநாள் பயிற்சிக்கு ஆள் வராது!

ஜூடோ கைகொடுக்கும் தெருச்சண்டை வாழ்நாளில் வராமலே போகலாம். ஈரக் குளியலறையில் வழுக்கி விழுவது அப்படியல்ல. பழக நினைப்பவர்கள் பயிற்றுநர் முன்னிலையில், மெத்தைப் பாயில் தொடங்குங்கள்.