ஆத்தாள் சீற்றமும் உப்புக் கரைசலும்

திருப்பாலைக்குடிக் கரையிலே நின்று பாருங்கள், தோழர்களே! எதிரே பாக் கடல். வடக்கே தொண்டி, தெற்கே தேவிபட்டினம். காலடியிலே உப்பு பூத்த தரை. உப்பு இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அதிலே ஒரு சிட்டிகை, சர்க்கரையோடும் நீரோடும் சேர்ந்தால், சாகக் கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்கும் என்பதை உலகம் அறிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை என்ன செய்தோம்? வாந்திபேதி வந்தால் ஆத்தாள் சீறினாள் என்றோம். கிடா வெட்டினோம், கூழ் வார்த்தோம். போதாக்குறைக்கு, “பேதி போகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே” என்று நாவறண்டு தவித்தவனின் கையிலிருந்த குவளையையும் பிடுங்கினோம்! இராமேசுவரத்திலே பாவம் கழுவத் தீர்த்தமாடக் கூடிய கூட்டத்தோடு காலராவும் கூடியது. கூட்டம் கலைந்தபோது ஊர் ஊராக உடன் நடந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஏழைத் தமிழர்களை, நோய் கொண்டுவருவோர் என்று அஞ்சி, மண்டபத்திலே இலங்கை அரசு நடத்திய முகாமில் நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். நோயைத் தடுத்து நிறுத்தும் வழி இருந்தது. வந்துவிட்ட நோயாளியைப் பிழைக்க வைக்கும் எளிய வழிதான் இல்லை.

கிருமி எது என்பதில் ஐயமில்லை. 1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவிலே அதை உறுதிப்படுத்திவிட்டார். அது எப்படிக் கொல்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் சம்புநாத் டே என்னும் வங்காளி. பெரிய ஆய்வுக்கூடம் அவருக்கு இல்லை. பெரிய மனிதர்களின் ஆதரவும் இல்லை. முயலின் குடலிலே ஒரு பகுதியைக் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். குடல் நீரால் வீங்கியது. இது 1953இல். பின்னர், கிருமியை வடிகட்டி நீக்கிய நீரை மட்டும் செலுத்தினார், அப்போதும் வீங்கியது! கிருமி உமிழும் நஞ்சே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துக் கொட்டச் செய்கிறது என்று 1959இல் உலகுக்கு அறிவித்தார். நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பர்க், அதே பரிசுக்கு டேயின் பெயரை முன்மொழிந்தார். இந்திய நாட்டு அறிவியல் கழகங்களோ, 1985இல் அவர் மறையும்வரை ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. சிலைக்குப் பால் ஊற்றத் தவறாத நாடு இது!

நீர் போவதால் சாவு என்றால், நீரைத் திருப்பித் தந்தால் உயிர். ஊசி வழியே நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள், பிழைத்தார்கள். ஆனால் புட்டி வேண்டும், ஊசி வேண்டும், ஏற்றத் தெரிந்த கை வேண்டும்.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்தனர். பொங்காவ் மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் மருத்துவர் ஊசி போட வேண்டும். ஊசிமருந்து தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணியாற்றிய ஆய்வாளர் திலீப் மகலனாபிஸ் துணிந்தார். சர்க்கரை உடன் சென்றால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அறிவியல் அதற்குள் கண்டிருந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவிலே பொட்டலம் கட்டி, பொங்காவிலே பீப்பாய்களில் கரைத்து, “வாய்வழிச் சலைன்” என்று பெயரிட்டு, தாயிடமும் அண்ணனிடமும் கொடுத்தார்: நீங்களே ஊட்டுங்கள்!

எழுத்தறியாத ஏழைக்கு அளவு தெரியுமா, மருத்துவத்தைப் பாமரன் கையில் கொடுக்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. கேட்ட குரல்தானே, தோழர்களே? வேதம் உன் காதில் விழலாகாது என்ற அதே குரல், வெள்ளைச் சட்டை அணிந்து வந்தது! பதிலைக் கணக்கே சொல்லிற்று. நூற்றுக்கு முப்பது பேர் என்றிருந்த சாவு, இக்கரைசல் அருந்திய சுமார் 3,700 பேரிடையே 3.6 விழுக்காடாக வீழ்ந்தது. பாமரத் தாய்மார் செய்து காட்டிய கணக்கு அது.

1992இன் கடைசியில் சென்னையிலே காலராக் கிருமி ஓ139 என்னும் புது வடிவில் தலைகாட்டியது. பழைய கிருமிக்கு எதிராக உடல் பெற்றிருந்த காப்பு அதனிடம் செல்லவில்லை, கரைசல் செல்லுபடியாயிற்று. நீரை மீட்கும் மருந்துக்குக் கிருமியின் பெயர் எதுவானால் என்ன?

2022 அக்டோபரில் மகலனாபிஸ் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023இல் அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.