வேடமும் வாழ்வும்

தென்காசி, நெல்லைப் பகுதிச் சுடலைமாடன் கொடைகளில் கணியான் கூத்து நடக்கிறது. அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுகிறார்கள். ஊரே திரண்டு பார்க்கிறது. ஆனால், பெண்ணாகவே வாழத் துணிந்த திருநங்கைக்கு அந்த ஊர்களில் இடமில்லை. வேடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு வாழ்வுக்குக் கிடைப்பதில்லை.

தலித் திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் 2014-இல் சென்னையில் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினார். ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ நாடகத்தில் தங்கள் கதையைத் தாங்களே நடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்று, பிற்படுத்தப்பட்டோராகக் கருதி இடஒதுக்கீடு வழங்கச் சொன்னது.

தலித் திருநங்கைமீது சாதியும் பாலினமும் சேர்ந்தே விழுகின்றன. ஆகவேதான் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறோம். மேடையில் ஒலித்த குரல் வேலையாகவும் கல்வியாகவும் மாறவேண்டும்.